பெயரைச் சொல்லவில்லை

அந்தத் தோல் மருத்துவமனையில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவளுக்குத் தெரியும்; அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். இளம் செவிலியாக வந்து சேர்ந்தவள், தலை பாதி நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டாள். மருந்துப் பெட்டி வந்தால் மேலட்டையை நம்பமாட்டாள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு களிம்புக் குழாயையும் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி பார்ப்பாள். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் குளியலறை வாசல்வரை கூடவே போய் நிற்பாள். லிஃப்டில் முன்பின் தெரியாத யாராவது சிரித்துவிட்டால், இந்த மனுஷன் எதற்குச் சிரித்தான் என்று இறங்கும்வரை யோசிப்பாள்.

அவள் கையில் இருந்தது பொத்தான் வைத்த பழைய போன். தடவினால் ஓடுகிற போன்களை அவள் வீட்டு வாசலோடு நிறுத்தி வைத்திருந்தாள். "நாம பேசறத அது கேட்டுக்கிட்டே இருக்கு. கேட்டத வச்சுக்கிட்டு சும்மா இருக்குமா?" என்பாள்.

இந்தச் சந்தேக புத்தியால் நோயாளிகளுக்கு லாபம்தான். தோல் நோய் என்பது வெளியில் சொல்லத் தயங்குகிற நோய். அங்கே வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் படியேறுவார்கள். காத்திருக்கும் கூடத்தில் அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். டோக்கன் எண்ணைத்தான் சொல்வாள். "உங்களுக்கு என்ன?" என்று பக்கத்து நாற்காலிக்காரரை யாராவது கேட்டால், அங்கிருந்தே ஒரு முறை முறைப்பாள். ஒருமுறை ஒருவர் போனில் அழைத்து, "நான் அவங்க மருமகன்தான், எங்க மாமியாருக்கு என்ன வியாதின்னு சொல்லுங்க" என்று அதட்டியிருக்கிறார். "நீங்க மருமகன்தான்னு உங்க மாமியார் வந்து சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டாள். மருத்துவமனையை நடத்திய டாக்டரம்மா வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். "இவ வாசல்ல உக்காந்திருக்கற வரைக்கும் எனக்குப் பூட்டு தேவையில்ல."

வீட்டில் அவளும் கணவரும் மட்டும்தான். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். அச்சகத்தை மூடி, இயந்திரங்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனபோது வாசலில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன்பின் பேச்சு குறைந்துபோயிற்று. சோப்பு உறையில், மின்சார பில்லில், மருந்துச் சீட்டில் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துப் பேனாவால் வட்டம் போடுவார். மற்றபடி ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். உப்புக் குறைந்தாலும் சொல்லமாட்டார்.

அந்த மௌனம் அவளை அரித்தது. ஒரு சாயங்காலம், என்னவோ பேசவேண்டுமே என்று, அன்று மருத்துவமனைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னாள். தலையில் வழுக்கை விழுந்த வட்டத்தை மறைக்க அவர் ஷூ பாலிஷ் பூசிக்கொண்டு வந்திருந்தார்; வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது; டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தபோது கறுப்புத் தண்ணீர் சட்டைக் காலரில் இறங்கியது. கணவரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. மறுநாள் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவரே கேட்டார்.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் அவர் கேட்காத கேள்வி. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதன்பின் வீடு திரும்பும் பஸ்ஸிலேயே, எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத நாட்களில் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினாள். கண் காது மூக்கு வைத்தாள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தாள்: யார் பெயரையும் சொல்வதில்லை. கட்டின புருஷனிடம், நாலு சுவருக்குள், பெயர் சொல்லாமல் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது? ஒரு நாள் அவள் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. உச்சந்தலையில் தட்டிக்கொடுத்தபடி அவளும் சேர்ந்து சிரித்தாள். அச்சகம் மூடியபின் அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

இதற்கு நடுவே மகள் அப்பாவுக்கு ஒரு பெரிய போன் வாங்கி அனுப்பியிருந்தாள். அவர் ஜன்னலோரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் காபியோடு பக்கத்தில் வந்தால் கவிழ்த்து வைப்பார். பூதக்கண்ணாடிக்கு அது போதாதா? சூதாட்டமோ, வேறு ஏதாவது பொம்பளை விவகாரமோ என்று மூக்கு வேர்த்தது. அலமாரியைப் பார்த்தாள், பாங்கிக் கணக்கைப் பார்த்தாள், சட்டைப் பையைப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. மனுஷன் முன்னைவிடத் தெளிவாக, சவரம் செய்துகொண்டு, பசித்துச் சாப்பிடுகிறார். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்படியிருக்கையில்தான் ஒரு காலை, கூடம் நிரம்பியிருந்த நேரத்தில், ரொட்டிக்கடைக்காரரின் மனைவி உள்ளே வந்தாள்.

ரொட்டிக்கடைக்காரரை அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பேட்டையில், நாலு தெரு கூடுமிடத்தில் கடை. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டியிருப்பார். கையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும். சில வாரங்களாகச் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்.

அவர் மனைவி நேராக மேஜைக்கு வந்து போனை நீட்டினாள்.

"யாரு எழுதினது? சொல்லுங்க. நீங்களா?"

"எத? அம்மா, முதல்ல உள்ள வாங்க. நாலு பேரு பாக்கறாங்க."

"நாலு பேரா? ஊரே பாத்தாச்சு! எங்க வீட்டுக்காரர் இங்க டாக்டர்கிட்ட வந்தத, உள்ள என்ன பேசினாருன்னு எழுதிப் போட்டிருக்காங்க. காலையில ஒருத்தி, நேத்து வாங்கின ரொட்டிய என் மூஞ்சி முன்னாடி வச்சிட்டுப் போறா. இங்க இருக்கறவங்க சொல்லாம வெளியில எப்படிப் போகும்?"

டாக்டரம்மா எழுந்து வந்து அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். கதவு சாத்தப்பட்ட பிறகும் அழுகை கேட்டது.

மத்தியானம் டாக்டரம்மா எல்லோரையும் கூப்பிட்டார். சமூக வலைத்தளத்தில் 'அடுத்த டோக்கன்' என்று ஒரு பக்கம் இருக்கிறதாம். எழுதுவது யார் என்று இல்லை. ஒரு தோல் மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் பற்றி வேடிக்கையாகக் குட்டிக் குட்டிக் கதைகள். யார் பெயரும் கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் படித்துச் சிரிக்கிறார்கள்.

"பேரு இல்ல, ஊரு இல்ல. ஆனா சங்கிலி கட்டின கண்ணாடி போட்ட லேடி டாக்டர்னா யாரு? நான்தான். முழுக்கைச் சட்டை போட்ட ரொட்டிக்கடைக்காரர்னா யாரு? இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யாராவது இருக்காங்களா?" டாக்டரம்மா தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நல்லா எழுதத் தெரிஞ்ச ஆளு. ஒரு எழுத்துப்பிழை கிடையாது. நம்மள்ல ஒருத்தர்தான். தயவுசெஞ்சு யாரும் அதத் திறந்து பாக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. திறக்கத் திறக்க அது இன்னும் பரவும்."

அவளிடம் திறந்து பார்க்கப் போன் கிடையாது. அந்த நிமிஷத்தில் அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

அன்றிலிருந்து மருத்துவமனையின் காற்றே மாறிப்போயிற்று. டீ குடிக்கும் அறையில் ஒருவர் நுழைந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். துப்புரவு வேலை செய்யும் அம்மாள், மருந்துக் கவுன்ட்டர்காரரைப் பார்த்துக் கண் ஜாடை காட்டினாள். அவரோ, டாக்டரம்மாவின் அறையைத் தினமும் துடைப்பது யார் என்று கேட்டார். நோயாளிகளும் வாயைத் திறக்க யோசித்தார்கள். "இத எழுதிக்காதீங்க" என்று ஒரு பெரியவர் டாக்டரம்மாவிடமே சொன்னாராம்.

அவளுடைய சந்தேகம் மட்டும் அங்குமிங்கும் அலையவில்லை. முதல் நாளே ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ரத்தம் எடுக்கும் பெண்.

சின்ன வயசு. வேலைக்கு வந்து வருஷம் ஆகவில்லை. எப்போதும் போனும் கையும். மேஜைக்கு அடியில் வைத்து எதையோ படித்துத் தானாகச் சிரிப்பாள். ஆள் வந்தால் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வாள். ரொட்டிக்கடைக்காரருக்கு அன்று ரத்தம் எடுத்ததும் அவள்தான். அவளுக்கும் எழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். ரத்தப் பரிசோதனை அறைக் கதவில் 'வேரும் வயிற்றில் வரவும்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். அதைக் கிழித்துவிட்டு 'வெறும்' என்று எழுதி ஒட்டியது பூதக்கண்ணாடிதான். ஆனாலும் சந்தேகம் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அதற்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் கண்ணில் படுவதில்லை.

அவள் கவனிக்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் எப்போது போனை எடுக்கிறாள், எந்த நோயாளி போனபின் எடுக்கிறாள், கழிப்பறையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்றெல்லாம். பார்த்ததை டாக்டரம்மாவிடம் சொன்னாள். "நான் யாரையும் குத்தம் சொல்லல. பாத்தத சொல்றேன்" என்று ஆரம்பித்துத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா எல்லோர் போனையும் கேட்டார். சிலர் முணுமுணுத்தாலும் காட்டினார்கள். பூதக்கண்ணாடி தன் பொத்தான் போனை எல்லோருக்கும் முன்னால் மேஜைமேல் வைத்தாள். ரத்தம் எடுக்கும் பெண் மட்டும் கொடுக்கவில்லை.

"வேலை சம்பந்தமா எது வேணாலும் கேளுங்க டாக்டர், பதில் சொல்றேன். இது என் சொந்த போன். இதுல என் வீட்டு விஷயம், என் விஷயம் எல்லாம் இருக்கு. இத எப்படிக் கொடுக்கறது?"

"மறைக்க ஒண்ணும் இல்லன்னா காட்டிடலாமே, பாப்பா" என்றாள் பூதக்கண்ணாடி.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நோயாளிங்க விஷயத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான் அக்கா. எனக்கு மட்டும் அப்படி ஒண்ணு இருக்கக் கூடாதா?"

அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வந்தாள். "நான் எழுதலக்கா. நீங்களாவது சொல்லுங்க" என்றாள் மறுபடியும். பூதக்கண்ணாடி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தப் பெண் அழவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிச்சா?"

"செஞ்சவங்க யாரு ஒத்துக்கறாங்க? போன காட்டமாட்டேன்னு ஒரே பிடிவாதம். அதுலயே தெரியலையா?"

"வேலைய விட்டே எடுத்துட்டாங்களா?"

"பின்ன? வச்சுக் கொஞ்சுவாங்களா?"

அவர் அதற்குமேல் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அதன்பின் 'இன்னைக்கு என்ன நடந்துச்சு' என்ற கேள்வியும் நின்றுபோயிற்று. போன் அலமாரிக்குள் போயிற்று. பாவம், இளகின மனசு, யாரோ ஒரு பெண்ணுக்காக வருத்தப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

'அடுத்த டோக்கன்' பக்கத்திலும் அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மருந்துக் கவுன்ட்டர்காரர் விரலைச் சொடுக்கினார். "பாத்தீங்களா? அவ போனா, இதுவும் நின்னுச்சு. இனிமே என்ன சாட்சி வேணும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

சில வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கத் தவறியதாக மருத்துவமனைமேல் புகார். பேசித் தீர்க்க முடியுமா என்று பார்க்க ரொட்டிக்கடைக்காரரும் அவருடைய வக்கீலும் வந்து டாக்டரம்மாவின் அறையில் உட்கார்ந்தார்கள். அன்று சிகிச்சையின்போது உள்ளே இருந்த செவிலி என்பதால் அவளையும் கூப்பிட்டார்கள்.

ரொட்டிக்கடைக்காரர் இளைத்திருந்தார். இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரொட்டியை நிறுத்திவிட்டார்களாம். மாவு பிசைய ஆள் வைத்துவிட்டு, கல்லாவில்கூட உட்காராமல், பின்கட்டில் இருக்கிறாராம்.

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுதினவர் யாருன்னு அந்த வலைத்தளக் கம்பெனிகிட்ட கோர்ட் மூலமா கேட்கலாம். மாசக்கணக்காகும். ஆனா விஷயம் இந்த ரூமுக்குள்ள இருந்துதான் போயிருக்கு. அதுல சந்தேகம் இல்ல. முழுசா படிக்கறேன், கேளுங்க."

அவர் படித்தார். பட்டும் படாமலும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஓரிடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"'இது மற்றவர்களுக்கு ஒட்டுமா?' என்று ரொட்டி சுடுபவர் கேட்டார். 'ஒட்டாது' என்றார் டாக்டர். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: 'நல்லவேளை. ஏனென்றால் பிசையும்போது எது மாவு, எது தோல் என்று எனக்கே தெரிவதில்லை.'"

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றார் ரொட்டிக்கடைக்காரர். அவள் பக்கம் திரும்பினார். "கையுறை போடாம நான் மாவத் தொடறதே இல்ல. சிஸ்டர், நீங்க உள்ளதான் நின்னுக்கிட்டிருந்தீங்க. நான் சொன்னேனா? இத எழுதினதுனாலதான் ஜனங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க."

அவர் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒட்டுமா என்ற ஒரே கேள்விதான். ஒட்டாது என்றதும் கையால் முகத்தை மூடிக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். அந்த மாவும் தோலும் அவள் வைத்த கண் காது மூக்கு. அன்று சாப்பாட்டு மேஜையில், இதைச் சொன்னால் கணவர் சிரிப்பார் என்று, சொல்லிக்கொண்டிருக்கும்போதே இட்டுக்கட்டியது. அதைக் கேட்டுத்தான் தண்ணீர் புரையேறச் சிரித்தார். அந்த வாக்கியம் இந்த அறையில் பிறக்கவே இல்லை. ரத்தம் எடுக்கும் பெண்ணின் காதில் அது விழ வழியே இல்லை. உலகத்தில் அதைக் கேட்டது ஒரே ஒருவர்.

ஒரு எழுத்துப்பிழை கிடையாது என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"சிஸ்டர்?" என்றார் வக்கீல்.

"இல்ல. அவரு அப்படிச் சொல்லல" என்றாள். தலை சுற்றுகிறது, வீட்டுக்குப் போகவேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வழியெல்லாம், இது தன் சந்தேக புத்தி செய்கிற வேலையாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் சந்தேகம் பொய்யாகப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டாள். கதவைத் திறந்த கணவர், பட்டப்பகலில் அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"எது மாவு, எது தோல்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அவள் பற்றிக்கொண்டிருந்த கடைசி இழையும் அறுந்தது.

"எப்பலேர்ந்து?"

"அந்த ஷூ பாலிஷ்காரர் கதையிலேர்ந்து. சும்மாதான் எழுதிப் பாத்தேன். யாரோ நல்லா இருக்குன்னாங்க. இன்னும் நாலு பேரு சொன்னாங்க. அப்புறம் தினம் காத்துக்கிட்டிருந்தாங்க." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "இத்தன வருஷம் அடுத்தவன் எழுதினதுல பிழை பாத்தேன். நான் எழுதினத ஒருத்தர் படிக்கறாங்கன்னா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"அப்ப நீங்க என்கிட்ட தினம் கேட்டது அதுக்குத்தானா? இன்னைக்கு என்ன நடந்துச்சு, இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மொதல்ல அப்படி இல்ல" என்றார்.

அதுதான் அவளைக் கீழே தள்ளியது. ரொட்டிக்கடையும் வக்கீலும் அப்புறம்தான்.

"நான் யாரு பேரையும் போடலையே" என்றார் அவர்.

"நானும் யாரு பேரையும் சொல்லலையே" என்று அவள் வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அந்தப் பொண்ண வேலைய விட்டு எடுத்தாங்கன்னு சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உன் வேலை போயிடும். உன் லைசென்ஸே போயிடும். அதான்... எழுதறத மட்டும் நிறுத்தினேன்."

"நீங்க நிறுத்தினதுனாலதான் அவதான்னு எல்லாரும் முடிவு கட்டினோம்!" என்று கத்தினாள். கத்தியபின் தன் குரலில் இருந்த 'கட்டினோம்' என்ற சொல் தன்னையே திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. முதலில் முடிவு கட்டியது வேறு யார்?

மறுநாள் காலையில் டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லவேண்டாம் என்று வாசல்வரை கெஞ்சிய கணவர், கொஞ்ச தூரம் தள்ளிப் பின்னாலேயே வந்து காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "உன்ன வச்சுப் பூட்டு வேணாம்னேன்" என்றார்.

"நான் பேரு சொன்னதில்ல டாக்டர். அது தப்பில்லன்னு நெனச்சேன்."

"இங்க நம்ம காதுல விழுந்தது உன் வீட்டுக்காரருக்கும் சேத்து இல்ல. என் வீட்டுக்காரருக்கும் இல்ல. பேரு மட்டும்தான் மனுஷனா? அவரு சட்டை, அவரு கடை, அவரு கை எல்லாம் சேந்துதான அவரு?" டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நானும் ஒரு பொண்ணோட போனப் பிடுங்கப் பாத்தேன். சட்டப்படி எனக்கு அந்த உரிமையே கிடையாதுன்னு என் வக்கீல் சொல்லித்தான் தெரிஞ்சது. நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் அவள அனுப்பினோம்."

விஷயம் செவிலியர் கவுன்சிலுக்குப் போயிற்று. விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. சில மாதங்களுக்கு அவள் பதிவை நிறுத்தி வைத்தார்கள். மருத்துவமனை ரொட்டிக்கடைக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்தது. கணவர்மேல் தனியாக வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்தை அழித்துவிட்டு, இனி எழுதமாட்டேன் என்று உறுதி கொடுத்தால் போதும் என்றார்.

கணவருக்கு அது போதவில்லை. அழிப்பதற்கு முன்னால், அதே பக்கத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். அந்த வாக்கியத்தை யாரும் சொல்லவில்லை, அந்த நோய் யாருக்கும் ஒட்டாது என்று விளக்கமாக எழுதியிருந்தார். இருவரும் ரொட்டிக்கடைப் பின்கட்டுக்குப் போய் அதை அவரிடம் கொடுத்தார்கள். உள்ளே அடுப்புச் சூடு. அவர் மனைவி இவர்களைப் பார்த்ததும் முன்பக்கம் போய்விட்டாள்.

ரொட்டிக்கடைக்காரர் நின்றபடியே படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அதான் பயமா இருக்கு. இதப் போட்டா, அப்ப படிக்காதவங்களும் இப்ப படிப்பாங்க. யாரந்த ஆளுன்னு தேடுவாங்க. வேணாம் சார். விட்டுருங்க. என்னப் பத்தி ஒரு வரி கூட எழுதாம இருங்க. அது போதும்."

பிறகு அவளைப் பார்த்தார். "அந்த ரூமுல நான் அழுதேனே சிஸ்டர். அதையும் வீட்ல சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டு, வேலைக்குத் திரும்ப வரச் சொன்னார். அவள் வரவில்லை. வேறொரு பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டிருந்தாள். பூதக்கண்ணாடி அங்கே தேடிப் போனாள். அந்தப் பெண் வாசலுக்கு வந்து பேசினாள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தையும் இல்லை.

"என் போன்ல என்ன இருந்துச்சுன்னு இப்ப சொல்லட்டுமா அக்கா?"

"வேணாம்மா. எனக்குத் தெரிய வேண்டாம்."

"அன்னைக்கே இத சொல்லியிருக்கலாம்" என்றாள் அந்தப் பெண். உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

பதிவு திரும்பக் கிடைத்தபின் அவள் பழைய மருத்துவமனைக்குப் போகவில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவிச் சுத்திகரித்துக் கட்டி அனுப்பும் பிரிவில் வேலை கிடைத்தது. நீராவியும் கத்தரிக்கோல்களும் எஃகுத் தட்டுகளும்தான். நோயாளி முகம் ஒன்றுகூடத் தெரியாது. கருவிகளை ஒருமுறைக்கு இருமுறை திருப்பிப் பார்த்து அனுப்புகிறாள் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர்.

கணவர் இப்போது வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறார். சாப்பிடும்போது இரண்டு பேரும் பேசுகிறார்கள்தான். பஸ் தாமதம், மகளின் போன், சொட்டுகிற குழாய். நடுவில் அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்து, அவர் நிமிர்ந்து பார்த்தால், சட்டென்று நிறுத்திவிடுகிறாள். அவர் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பதில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைக்கிறார்.